வீட்டுக்குள் வைக்கும் கேஸ் கீசருக்குக் காற்றுவழியும் புகைவழியும்

குளியலறைக்குள் கேஸ் கீசர் பொருத்தலாமா, அதற்குத் தனியாகப் புகைக்குழாய் வேண்டுமா, அறையில் ஏற்கெனவே ஒரு வென்டிலேட்டரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இருந்தால் அவையே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அறையிலுள்ள காற்றையே எடுத்து எரியும் எந்தக் கீசரையும் குளியலறையிலோ படுக்கையறையிலோ வைக்கக் கூடாது. வேறு இடத்தில் வைத்தாலும், காற்று வருவதற்கு ஒரு வழியும் புகை போவதற்கு வேறொரு வழியும் அதற்கு நிரந்தரமாக இருந்தாக வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் இவ்விரண்டில் எதற்கும் ஈடாகாது. சில அமைப்புகளில் அது ஆபத்தைக் கூட்டவும் செய்யும். இதற்கான காரணத்தைக் கணக்கோடு பார்த்தால், உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே எடைபோட முடியும்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸ் சூடேற்றித் தரும் சிறிய கீசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த நீருக்குள் ஏறும் வெப்பமே சுமார் 10.5 கிலோவாட், புகையோடு வெளியேறும் வெப்பத்தையும் சேர்த்தால் பர்னர் ஏறக்குறைய 12 கிலோவாட் திறனில் எரிகிறது. சமையலறை அடுப்பின் பெரிய பர்னர் ஒன்று 3 கிலோவாட் அளவில்தான் இருக்கும் என்பதால், நான்கு பெரிய பர்னர்களை முழுத் தீயில் ஏற்றி, கதவைச் சாத்தி, உள்ளே நிற்பதற்கு ஒப்பான நிலை இது. எல்.பி.ஜி.யில் இது மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான செலவு. ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுமையாக எரிய 12 முதல் 13 கன மீட்டர் காற்று தேவை. ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள குளியலறையில் மொத்தமாக இருப்பதே 7.2 கன மீட்டர் காற்றுதான். பத்து நிமிடக் குளியலில் கீசர் அதில் சுமார் 2 கன மீட்டர் காற்றின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அறை முற்றிலும் மூடியிருந்தால் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை இறங்கும். கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வருவதால் நடைமுறையில் இறக்கம் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் குளிர் நாளில் கீசரை அதிக நேரம் ஓடவிடும் அதே ஆள்தான் அந்த இடுக்கையும் துணி வைத்து அடைக்கிறார்.

15 சதவீதம் வரை இறங்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆக்சிஜன் 18, 19 சதவீதத்தை நெருங்கும்போதே சுடர் திணறத் தொடங்குகிறது. நன்றாக எரியும்போது ஒரு கிலோ எல்.பி.ஜி.யிலிருந்து சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 1.6 கிலோ நீராவியும் கிடைக்கும். காற்று பற்றாதபோது கார்பனின் ஒரு பகுதி பாதி எரிந்த நிலையிலேயே, அதாவது கார்பன் மோனாக்சைடாக, வெளியே வருகிறது. புகை வெளியேறாத அறையில் கீசர் தான் விட்ட புகையையே திரும்ப இழுத்து எரிவதால், நிலைமை படிப்படியாக அல்லாமல் கடைசிச் சில நிமிடங்களில் வேகமாகக் கெடுகிறது. நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைய பாதுகாப்புக்குச் சான்றாகாமல் போவது இதனால்தான்.

கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். காற்றில் 10 லட்சத்தில் 400 பங்கு இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் தலைவலி வரும். 1,600 பங்கில் இருபது நிமிடத்தில் தலைவலியும் குமட்டலும் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். 12,800 பங்கில் சில நிமிடங்களே மிஞ்சும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் கசிந்தால் வரும் நாற்றம் எரிவாயுவில் சேர்க்கப்பட்ட மெர்காப்டனுடையது. அது சுடரில் எரிந்துபோய்விடுவதால் புகையில் அந்த எச்சரிக்கையும் இராது. "ஏதாவது ஆனால் வாடையில் தெரிந்துவிடும்" என்ற நம்பிக்கை கசிவுக்குப் பொருந்தும், புகைக்குப் பொருந்தாது. வெளியே போய்விடலாம் என்று தோன்றும் நேரத்தில் கால்கள் துவண்டிருக்கும் என்பதே பூட்டிய குளியலறையில் இந்த வாயுவை இவ்வளவு கொடியதாக்குகிறது.

கீசர்களைப் புகை போகும் விதத்தை வைத்துப் பிரித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் விதிகள் எல்லாம் இந்தப் பிரிவையே ஒட்டியிருக்கின்றன. முதல் வகைக்குப் புகைக்குழாயே கிடையாது. அறையின் காற்றை எடுத்து அறைக்குள்ளேயே புகையை விடும். இரண்டாவது வகை அறையின் காற்றை எடுத்து, சூடான புகை தானாக மேலெழும் இயல்பை நம்பி, குழாய் வழியாக அதை வெளியே அனுப்பும். மூன்றாவது வகையும் அறையின் காற்றைத்தான் எடுக்கும். ஆனால் உள்ளே இருக்கும் மின்விசிறி புகையைத் தள்ளிவிடும். நான்காவது வகையில் எரியும் அறை முழுவதும் மூடப்பட்டிருக்கும். காற்றை வெளியிலிருந்தே எடுத்து, புகையையும் வெளியிலேயே விடும். ஐரோப்பிய வகைப்பாடு முதல் வகையை ஏ என்றும், அடுத்த இரண்டையும் பி என்றும், நான்காவதை சி என்றும் குறிக்கிறது. வீட்டுக்குள்தான் வைத்தாக வேண்டும் என்றால் என் தேர்வு எப்போதும் சி வகையே. விலை கூடுதல்தான், ஆனால் கீழே விவரிக்கப்போகும் காற்றுக் கணக்கு முழுவதிலிருந்தும் அது விடுதலை தந்துவிடுகிறது. முதல் வகை வெட்டவெளியை ஒட்டிய திறந்த இடத்துக்கு மட்டுமே உரியது.

இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு அறையின் கொள்ளளவு முக்கியம். அமெரிக்காவின் தேசிய எரிவாயு விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 54 இதற்குத் தெளிவான அளவுகோல் ஒன்றைத் தருகிறது. உங்கள் நாட்டு விதியும் தயாரிப்பாளரின் கையேடும் வேறு சொன்னால் அவற்றையே பின்பற்ற வேண்டும் என்றாலும், கணக்கின் போக்கு எங்கும் ஒன்றுதான். அதன்படி ஒவ்வொரு கிலோவாட் திறனுக்கும் 4.8 கன மீட்டர் இடம் வேண்டும். நம் 12 கிலோவாட் கீசருக்கு இது ஏறத்தாழ 58 கன மீட்டர், அதாவது 2.4 மீட்டர் உயரக் கூரையுள்ள 24 சதுர மீட்டர் கூடம். அதே இடத்தில் வேறு எரிவாயுச் சாதனமும் இருந்தால் அதன் திறனையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த அளவு இடமிருந்தாலும், ஜன்னல் விளிம்புகளெல்லாம் ரப்பர் வைத்து அடைக்கப்பட்ட இறுக்கமான வீடுகளுக்கு இந்த முறையை அப்படியே கொள்ள முடியாது. வெளிக்காற்றுக்குத் தனி வழி அமைத்தாக வேண்டும்.

இடம் போதாதபோது நிரந்தரத் திறப்புகள் தேவை. வழக்கமான அமைப்பில் இரண்டு திறப்புகள்: ஒன்று கூரையிலிருந்து 300 மில்லிமீட்டருக்குள், இன்னொன்று தரையிலிருந்து 300 மில்லிமீட்டருக்குள். இரண்டும் நேரே வெட்டவெளிக்குத் திறந்தால், ஒவ்வொன்றும் கிலோவாட்டுக்கு 550 சதுர மில்லிமீட்டர் போதும். 12 கிலோவாட்டுக்கு 6,600 சதுர மில்லிமீட்டர். எட்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சதுரத் துளை. வெளிக்காற்றுக்கு வழியில்லாமல் பக்கத்து அறையின் காற்றை எடுத்துக்கொள்வதானால், திறப்பு கிலோவாட்டுக்கு 2,200 சதுர மில்லிமீட்டராகவும், எந்த நிலையிலும் ஒவ்வொன்றும் 64,500 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அதாவது 25 சென்டிமீட்டர் சதுரம். இரண்டு அறைகளும் சேர்ந்து முன்சொன்ன 58 கன மீட்டரை எட்டியாக வேண்டும் என்பதும் இதில் அடக்கம்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. சொல்லப்படும் பரப்பு காற்று உண்மையில் புகும் இடைவெளியின் பரப்பே தவிர, சட்டத்தின் பரப்பு அல்ல. சாய்ந்த பட்டைகளை அடுக்கிய லூவர் மூடி போட்டால், உலோக லூவரில் முக்கால் பங்கையும், மர லூவரில் கால் பங்கையும் மட்டுமே திறப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே எட்டு சென்டிமீட்டர் துளைக்கு மர லூவர் வைத்தால், பக்கத்துக்குப் பதினாறு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டியிருக்கும். பூச்சி வராமலிருக்க நுண்வலை அடிப்பது இன்னொரு சிக்கல். 6 மில்லிமீட்டருக்குச் சிறிய கண்ணுள்ள வலையை அந்த விதித்தொகுப்பு ஏற்பதில்லை. தூசியும் நூலாம்படையும் சேர்ந்து ஒரே ஆண்டில் அதைத் துணிபோல் அடைத்துவிடும். மூடித் திறக்கக்கூடிய ஜன்னலையும் நிரந்தரத் திறப்பாகக் கொள்ள இயலாது, ஏனெனில் கீசர் அதிகம் தேவைப்படும் பருவமும் ஜன்னலைச் சாத்திவைக்கும் பருவமும் ஒன்றே. எல்.பி.ஜி. பயன்படுத்துபவர்களுக்குத் தரைமட்டத் திறப்பு இன்னொரு வகையிலும் உதவுகிறது. காற்றைவிடக் கனமான அந்த வாயு கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

அடுத்தது புகைக்குழாய். இயற்கையான இழுவையை நம்பும் குழாய் எவ்வளவு மெல்லிய விசையில் இயங்குகிறது என்பதைப் பாருங்கள். மூன்று மீட்டர் உயரக் குழாய்க்குள் புகை 150 டிகிரியிலும் வெளிக்காற்று 30 டிகிரியிலும் இருந்தால், கிடைக்கும் இழுவை சுமார் 10 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் அவ்வளவே. இத்தனை சிறிய விசை ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு கிடைமட்ட நீளத்திலும், ஒவ்வொரு நசுங்கலிலும் கரைகிறது. குழாய் சூடேறாத முதல் சில நிமிடங்களில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை எனலாம்.

குழாய் பற்றிய விதிகள் அனைத்தும் இந்த 10 பாஸ்கலைக் காப்பாற்றுவதற்காகவே எழுதப்பட்டவை. கீசரின் வாய் என்ன விட்டமோ அதற்குக் குறையாத விட்டத்தில் குழாய் இருக்க வேண்டும். சுவரில் ஏற்கெனவே இருக்கும் சிறிய துளைக்காக அதைச் சுருக்கக் கூடாது. கீசரிலிருந்து முதலில் நேராக மேலே எழும்பிய பிறகே வளைய வேண்டும். கிடையாகப் போகும் பகுதி மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் வீதம் மேல்நோக்கி ஏற வேண்டும். அதன் நீளம் செங்குத்து உயரத்தின் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒற்றைச் சுவர் உலோகக் குழாய்க்கும் மரம், திரைச்சீலை போன்ற எரியக்கூடிய பொருளுக்கும் இடையே 150 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். நடுவே காற்றிடைவெளி கொண்ட இரட்டைச் சுவர்க் குழாய்க்கு 25 மில்லிமீட்டர் போதும். இரட்டைச் சுவர்க் குழாய் புகையைச் சூடு ஆறாமல் கொண்டுபோவதால் இழுவையும் நிலைத்து நிற்கும். கழிவுநீருக்குப் போடும் பி.வி.சி. குழாயை இந்தப் புகைக்குப் பயன்படுத்தியிருப்பதை அவ்வப்போது பார்க்க நேர்கிறது. 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் பொருளில் 150 டிகிரிப் புகையை விட்டால், குழாய் தொய்ந்து இணைப்பு கழன்று, புகை கூரைக்கும் பொய்க்கூரைக்கும் இடையிலான இடைவெளியில் கொட்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

குழாயின் முடிவிடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும், கூரைக்கு மேலே இருப்பதே சிறப்பு. பக்கச் சுவர் வழியாக வெளியேற்றுவது மின்விசிறியுள்ள வகைகளுக்கும் மூடிய வகைகளுக்குமே ஏற்றது. இயற்கை இழுவைக் குழாயைச் சுவரில் முடித்தால், எதிர்க்காற்று அடிக்கும் நாளில் புகை உள்ளேயே திரும்பும். விசிறியால் தள்ளப்படும் புகையின் வாய் ஜன்னலுக்கோ கதவுக்கோ கீழேயும் பக்கவாட்டிலும் குறைந்தது 1.2 மீட்டர் தள்ளி, அல்லது அவற்றுக்கு மேலே 300 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மேற்சொன்ன தொகுப்பின் அளவு. அடுக்குமாடிகளில் குளியலறைகளுக்குப் பின்னால் விடப்படும் குறுகலான குழாய்ச் சந்தினைத் திறந்தவெளியாக எண்ணிவிடக் கூடாது. நாலாபுறமும் சுவர் சூழ்ந்த அந்த இடத்தில் விடும் புகை, மேல் மாடிக்காரரின் வென்டிலேட்டர் வழியாக அவர் குளியலறைக்குள் போகும்; தவறேதும் செய்யாத வீட்டில் ஒருவர் மயங்கி விழுவார்.

இப்போது எக்ஸாஸ்ட் ஃபேன். அது காற்றை வெளியே தள்ளும் அளவுக்கு வேறெங்கிருந்தோ காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தால், மிக எளிதாகத் திறந்து கிடக்கும் வழி கீசரின் புகைக்குழாய்தான். மணிக்குச் சில நூறு கன மீட்டர் காற்றை இழுக்கும் சமையலறை சிம்னி, இறுக்கமான வீட்டில் 5 பாஸ்கலுக்கு மேல் எதிரழுத்தத்தை, அதாவது வெளியைவிட உள்ளே குறைந்த அழுத்தத்தை, எளிதில் உண்டாக்கும். 10 பாஸ்கலை முழுமையாகத் திரட்டாத குழாய் அதன்முன் தோற்று, புகையைத் தலைகீழாக வீட்டுக்குள் கொட்டும். ஃபேன் இருக்கிறதே என்ற துணிவு இங்கே நேர் எதிரான விளைவைத் தருகிறது. புகைக்குழாயே இல்லாத கீசர் உள்ள குளியலறையில் ஃபேன் ஓரளவு உதவும் என்பது உண்மைதான். ஆனால் மின்சாரம் போனாலும், யாரேனும் சுவிட்சைப் போட மறந்தாலும் கீசர் எரிந்துகொண்டேதான் இருக்கும். மனித நினைவை நம்பி நிற்கும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று ஏற்க எனக்கு மனம் வருவதில்லை.

இயற்கை இழுவைக் கீசர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், இந்தச் சோதனையை இன்றே செய்து பார்க்கலாம். எல்லா ஜன்னல்களையும் வெளிக்கதவுகளையும் சாத்துங்கள். சமையலறை சிம்னி, குளியலறை ஃபேன் அனைத்தையும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து கீசரை எரியவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்து, கீசரின் மேற்புறத்தில் புகைக்குழாய் தொடங்கும் இடத்திலுள்ள திறந்த இடைவெளியின் ஓரமாக ஓர் ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். பத்தியின் புகை அந்த இடைவெளிக்குள் சீராக இழுக்கப்பட்டால் இழுவை சரியாக உள்ளது. அது தயங்கி நின்றாலோ, உங்கள் முகத்தை நோக்கி வந்தாலோ, அங்கே பிடித்த கண்ணாடியில் பனிபோல் நீராவி படிந்தாலோ, கீசரை அணைத்துவிட்டுத் தகுதியுள்ள பணியாளரை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தொட்டியுள்ள வகையில் மேல்மூடியிலுள்ள பிளாஸ்டிக் வளையங்கள் உருகியிருப்பதும், குழாய் தொடங்கும் இடத்தைச் சுற்றித் துருவோ கரியோ படிந்திருப்பதும், புகை முன்பே பலமுறை திரும்பியிருக்கிறது என்பதற்கான தடயங்கள்.

மூடிய வகைக் கீசருக்கு வருவோம். பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும். உட்குழாயில் புகை வெளியேறும், வெளிக்குழாயில் காற்று உள்ளே வரும். அறைக்காற்றோடு தொடர்பே இல்லாததால் எக்ஸாஸ்ட் ஃபேனின் எதிரழுத்தம் இதைத் தொடுவதில்லை. ஆனாலும் கையேட்டில் சொன்ன குழாயை மட்டுமே போட வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் மொத்த நீளத்திலிருந்து எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லும். புகையின் நீராவியையும் குளிரவைத்து வெப்பம் எடுக்கும் உயர்திறன் வகையில் புகை வெதுவெதுப்பாகவே வருவதால், தயாரிப்பாளர் அனுமதித்த பிளாஸ்டிக் குழாய் அங்கே செல்லும். அதில் வடியும் நீர் அமிலத்தன்மை கொண்டது. அது கீசரின் வடிகாலுக்குத் திரும்பும்படி குழாய் பொதுவாகக் கீசரை நோக்கிச் சாய்ந்திருக்கும். நீராவியைக் குளிரவைக்காத வகைகள் சிலவற்றில் சாய்வு வெளிப்புறமாக இருக்கும். ஒன்றின் வழக்கத்தை இன்னொன்றுக்குப் பொருத்துவதால் பழுதான கருவிகள் நிறைய.

இரண்டு சாதனங்களை ஒரே புகைக்குழாயில் இணைப்பதாக இருந்தால் தகுதியுள்ளவர் கணக்கிட்டே செய்ய வேண்டும். விசிறியால் தள்ளும் சாதனத்தையும் இயற்கை இழுவைச் சாதனத்தையும் ஒன்றாக இணைக்கவே கூடாது. ஒன்று தள்ளும் புகை மற்றதன் வழியாக அறைக்குள் வந்துவிடும்.

ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் உணரி, இருபது நிமிடத்தில் தானாக அணையும் ஏற்பாடு ஆகியவை உள்ளனவே என்று விற்பவர் சொல்லக்கூடும். அவை இருப்பது நல்லதே. ஆனால் அந்த உணரி அளப்பது ஆக்சிஜனை மட்டுமே. பர்னரில் தூசி அடைத்து, ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் சுடர் மஞ்சளாகி நச்சு வாயு உண்டானால் அதற்குத் தெரியாது. இருபது நிமிடக் கடிகாரமோ, வெந்நீர்க் குழாயை மூடித் திறந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒருவர் பின் ஒருவராக மூவர் குளிக்கும் வீட்டில் அது யாரையும் காப்பதில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள். ஈ.என். 50291 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்ட அலாரம், 10 லட்சத்தில் 50 பங்கு வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கு இருந்தால் மூன்று நிமிடத்துக்குள்ளும் ஒலிக்க வேண்டும். கீசர் உள்ள அறையிலும் படுக்கையறைக்கு அருகிலும் வைக்கலாம். ஈரமும் நீராவியும் நிறைந்த குளியலறைக்குள் வைத்தால் உணரி கெடும். அதன் ஆயுள் முடியும் ஆண்டு பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு பேட்டரியை மாற்றியும் பயனில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை பர்னரையும், நீர் சூடாகும் செப்புச் சுருளின் இடுக்குகளையும், புகைக்குழாயையும் சுத்தம் செய்விக்க வேண்டும். நெடுநாள் ஓடாமல் இருந்த குழாயில் பறவைக் கூடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுடர் நீலமாக, அசையாமல் நிற்க வேண்டும்.

கீசர் ஓடும்போது வீட்டில் யாருக்கேனும் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வந்து, வெளியே போனதும் குறைந்தால், அதைச் சாதாரண அசதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரையும் வெளியே அழைத்து வந்து, முடிந்தால் எரிவாயு வால்வை மூடி, மருத்துவ உதவியை நாடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 சதவீதம் காட்டுகிறது என்று அமைதியடைந்துவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பற்றியதையும் வழக்கமான ஆக்சிமீட்டரால் பிரித்தறிய முடியாது. கேஸ் கீசர் ஓடிய வீட்டிலிருந்து வருகிறோம் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடின் அளவைக் காணும் பரிசோதனையை அவர் உடனே எடுக்கச் சொல்வார்.